நம்புகிறேனுக்குள்ளே ஒரு ‘ஏன்’

(பட்டிமன்றத் தலைப்பு: ‘வளர்த்த சமயத்தை விட்டு விலகுவது நன்றி மறப்பதே! நேர்மை காப்பதே!’ இதில் ‘நேர்மை காப்பதே’ என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய நடுவர் அவர்களே! வாதங்களையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, ‘இதற்கு மேல் இவர் என்ன பேசிவிடப் போகிறார்’ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) என் அணியின் ஆற்றல்மிக்க பேச்சாளர்களே! அரங்கு நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு, சட்னி வாங்கக்கூட எழுந்திருக்காமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும் அன்புக் குடும்பத்தினரே! (சிரிப்பு) 

ஐயா, இந்தத் தலைப்பில் பேசப் போறேன்னு சொன்னதும் என் வீட்டம்மா கேட்டாங்க: “ஏங்க, இந்த வம்பு உங்களுக்குத் தேவையா? ‘குடும்பத்துல சிக்கனமா இருக்கிறது ஆணா, பெண்ணா’ன்னு பேசிட்டு வரக்கூடாதா?” நான் சொன்னேன்: “அம்மா, அந்தத் தலைப்புல பேசிட்டு வந்தா எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது. இந்தத் தலைப்புல பேசினா சொர்க்கம்தான் கிடைக்காது. எது பக்கத்துல இருக்கோ அதைக் காப்பாத்திக்கிறேன்!” (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ விஷயத்துக்கு வருவோம்.

இன்றைக்குக் கேள்வி, கடவுள் உண்டா இல்லையா என்பது அல்ல. அதைத் தீர்க்க இந்த மேடையும் போதாது, நடுவர் கையிலே இருக்கிற கடிகாரமும் போதாது. நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் வந்து, “அம்மா, நீங்க சொல்லிக் கொடுத்ததை என்னால நம்ப முடியல. உண்டுன்னும் சொல்லத் தெரியல, இல்லைன்னும் சொல்லத் தெரியல” என்று சொன்னால், அவனுக்கு என்ன பெயர் வைப்பது? நன்றி கெட்டவன் என்றா, நேர்மையானவன் என்றா? இதுதான் கேள்வி.

எதிரணித் தலைவர் கத்தோலிக்கக் குடும்பத்தை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டார். நானும் அங்கேயே நிற்கிறேன். அந்தச் சமயத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. தமிழ் வாத்தியார் எவனும் குறை சொல்ல முடியாது ஐயா! இத்தாலியிலே பிறந்து, இங்கே வந்து, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்துக் கொடுத்த வீரமாமுனிவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமாக இருந்த தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கக் குரு. நான் வாங்குகிற சம்பளத்திலே அவங்க பங்கும் இருக்கு. (கைதட்டல்)

ஒரு கத்தோலிக்கக் குழந்தையை எப்படி வளர்க்கிறாங்க? பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானம். ஏழெட்டு வயதில் புதுநன்மை. பிறகு உறுதிபூசுதல். ஞாயிற்றுக்கிழமை பூசை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீட்டிலே ஜெபமாலை. தவக்காலத்தில் சிலுவைப்பாதை. இத்தனைக்கும் நடுவிலே ஒரு பாடம் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதற்கு முன்னால், அந்தச் சின்னப் பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, “உன் மனசுக்குள்ள நீயே போய்ப் பாரு. என்ன பொய் சொன்னே? யாரை ஏமாத்தினே? நல்லா யோசி” என்று சொல்வார்கள். ஆத்தும சோதனை என்று பெயர்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு மனசாட்சியை எடுத்துக் கையிலே கொடுக்கிறீங்க. “பொய்ச் சாட்சி சொல்லாதே” என்று எட்டாவது கட்டளையை மனப்பாடம் பண்ண வைக்கிறீங்க. ரொம்ப நல்லது! ஆனால் இருபது வயதில் அந்தப் பிள்ளை அதே மனசாட்சியைக் கையிலே எடுத்துக்கிட்டு வந்து, “நான் கோயில்ல நின்னு சொல்ற வார்த்தை எனக்கே பொய்யாத் தெரியுது” என்று சொன்னால், “எங்கேடா கத்துக்கிட்டே இதை?” என்று அடிக்க வருகிறீங்க. எங்கே கத்துக்கிட்டான்? உங்ககிட்டதான் கத்துக்கிட்டான்! (பலத்த கைதட்டல்)

நான் இலக்கண வாத்தியார். கொஞ்சம் இலக்கணம் சொல்லிக்கிறேன். பயப்படாதீங்க, பரீட்சை வைக்க மாட்டேன். (சிரிப்பு) பூசையிலே விசுவாசப் பிரமாணம் சொல்வார்கள். அதிலே முக்கியமான சொல் என்ன? விசுவசிக்கிறேன். நல்ல தமிழில், நம்புகிறேன். இலத்தீனிலே ‘கிரேதோ’ என்பார்கள். அதுவும் தன்மை ஒருமைதான். என் அப்பா நம்புகிறார், என் பாட்டி நம்பினாள், எங்க ஊரே நம்புது என்று சொன்னால் அங்கே செல்லாது. நான், நானே, என் வாயால், என் மனசால் சொல்ல வேண்டும். சரி, ‘நம்புகிறேன்’ என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். நம்பு என்பது பகுதி. கிறு என்பது நிகழ்கால இடைநிலை. விகுதி என்ன?

(அரங்கில் சிலர்: “ஏன்!”)

ஆஹா! ‘ஏன்’ என்பது தன்மை ஒருமை விகுதி. நம்புகிறேன் என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஏன்’ உட்கார்ந்திருக்கிறது ஐயா! அந்த ‘ஏன்’ இல்லாவிட்டால் அந்தச் சொல்லே நிற்காது. (நீண்ட கைதட்டல்)

அந்த ‘ஏன்’ ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்கிறேன். அந்தோனி கென்னி. 1931-இல் இங்கிலாந்தில் லிவர்பூலில் பிறந்தவர். அது துறைமுக நகரம். அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்கள் ஏராளமாகக் குடியேறிய ஊர். அவருடைய தாய்மாமனே ஒரு குரு. சாதாரண குரு இல்லை, 1966-இல் வெளிவந்த ஆங்கில ‘ஜெருசலேம் பைபிள்’ மொழிபெயர்ப்புக்குத் தலைமைப் பதிப்பாசிரியர். அந்த வீட்டுப் பிள்ளை சின்ன வயதிலேயே குருமடம் போனார். ரோமாபுரியில் படித்தார். 1955-இல் குருப்பட்டம் பெற்றார். சொந்த ஊருக்கே வந்து பங்குக் கோயிலில் உதவிக் குருவாக ஊழியம் செய்தார்.

அவருக்கு எங்கே இடறியது? பணத்திலா? பதவியிலா? இல்லை ஐயா. கடவுள் இருப்பதை மனித அறிவைக் கொண்டே உறுதியாக அறிய முடியும் என்று 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது. 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஒரு உறுதிமொழி கொண்டுவந்தார். அறிய மட்டுமல்ல, நிரூபிக்கவும் முடியும் என்று சத்தியம் செய்வது அதில் வரும் முதல் செய்தி. 1967 வரைக்கும் அது நடைமுறையில் இருந்தது. கென்னி தத்துவம் படித்தவர். ‘நிரூபிக்க முடியும் என்கிறோமே, அந்த நிரூபணம் எங்கே?’ என்று தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காத ஒன்றைக் கிடைத்ததாகப் பிரசங்க மேடையில் நின்று சொல்ல அவரால் முடியவில்லை. 1963-இல் குருத்துவப் பணியை விட்டு விலகினார். 1966-இல் திருமணம் செய்துகொண்டார். திருச்சபைச் சட்டப்படி சபைக்குப் புறம்பானார்.

எதிரணிச் சகோதரி கேட்டாங்க: “படிக்க வெச்ச திருச்சபைக்கு அவர் என்ன செஞ்சார்?” நல்ல கேள்வி. 1969-இல் ஒரு நூல் எழுதினார். புனித தோமா அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் கடவுளை நிரூபிக்க ஐந்து வழிகள் சொன்னார் அல்லவா? அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து, ஐந்தும் நிரூபணமாக நிற்கவில்லை என்று முடிவு சொன்னார். அதோடு அக்குவினாஸைத் தூக்கி எறிந்தாரா? இல்லை. 1978 முதல் 1989 வரை ஆக்ஸ்போர்டில் பாலியல் கல்லூரியின் தலைவராக இருந்தார்; அத்தனை பெரிய பதவிக்கு வந்த பிறகும் அக்குவினாஸைப் பற்றியே மறுபடி மறுபடி எழுதினார். குருமடம் கொடுத்த இலத்தீனையும் தத்துவத்தையும் ஆயுள் முழுக்கப் பயன்படுத்தி, அந்த ஞானியை உலகத்துக்கு விளக்கினார். இதுவா நன்றி மறப்பது? சொல்லுங்க! (கைதட்டல்)

இன்னொன்றும் சொல்கிறேன். கென்னி நாத்திகர் ஆகிவிடவில்லை. ‘இல்லை என்பதற்கும் நிரூபணம் இல்லையே’ என்றார். தெரியாது என்பதுதான் என் நிலை என்றார். 1979-இல் எழுதிய நூலில் ஒரு அருமையான உவமை சொல்கிறார். நடுக்கடலில் தத்தளிக்கிறவன், மலையிலே சிக்கிக்கொண்டவன் எல்லாம் என்ன செய்கிறான்? கேட்க ஆள் இருக்கா இல்லையா என்று தெரியாமலேயே குரல் கொடுக்கிறான் அல்லவா? அதுபோல, கடவுள் உண்டா என்று தெரியாதவனும் பிரார்த்தனை செய்வதில் தவறில்லை என்கிறார். பார்த்தீங்களா? கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனவர் பேசுகிற பேச்சா இது?

இந்தத் ‘தெரியாது’ என்கிற நிலைக்குப் பெயர் வைத்தவர் தாமஸ் ஹக்ஸ்லி என்கிற ஆங்கில விஞ்ஞானி. 1869-இல் ‘ஆக்னாஸ்டிக்’ என்ற சொல்லை உண்டாக்கினார். பெயர்தான் புதிது. சரக்கு பழசு. உலகம் எங்கிருந்து தோன்றியது, அது மேலே இருக்கிறவனுக்காவது தெரியுமா என்று ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே ஒரு ரிஷி கேட்டுவிட்டார். நம்ம மணிமேகலை என்ன செய்தாள்? வஞ்சி மாநகரத்துக்குப் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் “உங்க கொள்கை என்ன, சொல்லுங்க” என்று வரிசையாகக் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் தன் வழியைத் தேர்ந்தெடுத்தாள். கேட்கிற பிள்ளையைக் காப்பியத் தலைவியாக்கிய மரபு ஐயா இது! (கைதட்டல்)

எதிரணி நண்பர் ஒருத்தர் நக்கலாகச் சொன்னார்: “உண்டுன்னு சொல்றவன் ஒரு பக்கம், இல்லைன்னு சொல்றவன் ஒரு பக்கம். இவன் மதில்மேல் பூனை!” நடுவர் அவர்களே, ஒரு சந்தேகம். நீங்க ரெண்டு அணியும் பேசுறதைக் கேட்கிறீங்க. முழுசாக் கேட்காமத் தீர்ப்புச் சொல்ல மாட்டேங்கிறீங்க. அப்போ உங்களுக்கு என்ன பெயர்? (சிரிப்பு)

நடுவர்: என்னையும் மதில்மேல் பூனைன்னு சொல்றீங்களா?

ஐயய்யோ, இல்லீங்க ஐயா! பூனைக்கு யாரும் பொன்னாடை போர்த்த மாட்டாங்க! (பலத்த சிரிப்பு)

நம்ம ஊரிலே ‘தெரியாது’ன்னு சொல்றதுக்கு எவ்வளவு பஞ்சம் பாருங்க. புது ஊர்ல இறங்கி வழி கேளுங்க. “தெரியாதுங்க”ன்னு ஒருத்தர் சொல்ல மாட்டார். “நேராப் போங்க, இடது பக்கம் திரும்புங்க, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்பார். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்கன்னா, உங்களைத்தானே கேட்டேன்! (சிரிப்பு) காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறோம். முகத்தைக் கூடப் பார்க்காமல் மருந்து எழுதுகிறவர் நல்லவரா, “இப்போதைக்குத் தெரியல, ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்கிறவர் நல்லவரா? உயிர் விஷயத்தில் ‘தெரியாது’ என்பவரைக் கும்பிடுகிறோம். உயிர் போன பின்னால் என்ன ஆகும் என்கிற விஷயத்தில் ‘தெரியாது’ என்பவனை மட்டும் ஏன் விரட்டுகிறோம்? (கைதட்டல்)

தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளச் சொன்னால் என்ன ஆகும்? அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே தொடக்கப் பள்ளிகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கத்தோலிக்க நிர்வாகத்தில் இருக்கின்றன. இடம் போதாத பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை. அப்பனுக்கும் நம்பிக்கை இல்லை, அம்மாவுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஸ்கூல் சீட்டுக்காகக் குழந்தைக்கு ஞானஸ்நானம்! நம்ம ஊர்ல சீட்டுக்காக வரிசையில விடிய விடிய நிக்கிறோம். அங்கே தீர்த்தத் தொட்டிக்கிட்ட நின்னாங்க. (சிரிப்பு) 2018-இல் சட்டம் போட்டு அந்த முன்னுரிமையை எடுத்தார்கள். கத்தோலிக்கர் என்று சொன்னவர்கள் 2011 கணக்கெடுப்பில் 84 விழுக்காடு. 2022-இல் 69 விழுக்காடு. நான் கேட்கிறேன்: சீட்டுக்காகச் சாமி கும்பிடுகிறவன் பக்தனா? ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று சொல்லி, வருகிற நட்டத்தை ஏற்றுக்கொள்கிறவன் கெட்டவனா? சமயத்துக்கு மரியாதை செய்தவர் இவர்களில் யார்?

அடுத்து, நண்பர் நாவுக்கரசரைக் கொண்டுவந்தார். “போனார், ஆனா திரும்பி வந்துட்டார் பாருங்க” என்றார். மகிழ்ச்சி! திருவாமூரில் சைவக் குடும்பத்தில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்துக்குப் போனார். அங்கே தருமசேனர் என்று பெயர் கொடுத்து, தலைவராக்கி, தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பிறகு சூலை நோய் வந்தது, தமக்கை திலகவதியாரிடம் வந்தார், மறுபடி சைவரானார். சரி, என் கேள்வி இதுதான். அவர் சமணத்தை விட்டு வந்தாரே, அதை நன்றி மறத்தல் என்று சொல்வீங்களா? மாட்டீங்க! பல்லக்கிலே வைத்த சமயத்தை விட்டுவிட்டு நம்ம வீட்டுக்கு வந்தால் அது ஞானோதயம். நம்ம வீட்டை விட்டுப் போனால் அது நன்றி கெட்டத்தனம். என்ன நியாயம் ஐயா இது? உங்களுக்கு ஒரு தராசு, அடுத்தவனுக்கு ஒரு தராசா? (நீண்ட கைதட்டல்)

இதைவிட அழகான சான்று ஐரோப்பாவிலே இருக்கிறது. 1845-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். ஒரே வாரம். கவனமாகக் கேளுங்கள்.

அக்டோபர் 6. பாரீசில் சென் சுல்பீஸ் குருமடம். எர்னஸ்ட் ரெனான் என்ற 22 வயது இளைஞர் படி இறங்கி வெளியே போகிறார். பிரிட்டனி கடற்கரையில் திரேகியே என்ற சின்ன ஊர். அப்பா கப்பல் தலைவர். பிள்ளைக்கு ஐந்து வயதிலே இறந்துவிட்டார். பிள்ளை குருவாவான் என்று காத்திருக்கிற பக்தியுள்ள தாய். குருமடத்தில் எபிரேய மொழி படித்தார். வேத நூலை மூல மொழியிலே ஆராய்ந்தார். ஆராய ஆராய, படித்ததும் நம்பியதும் ஒத்துப் போகவில்லை. வெளியே வந்துவிட்டார்.

அக்டோபர் 9. மூன்றே நாள். இங்கிலாந்தில் லிட்டில்மோர். ஜான் ஹென்றி நியூமன், 44 வயது. ஆங்கிலிக்கன் சபையில் பிறந்து, வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் புகழ்பெற்ற போதகராக இருந்தவர். தன்னை வளர்த்த சபையை விட்டுவிட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையில் சேருகிறார்.

ஒருவர் ஒரு கதவு வழியாக வெளியே போகிறார்; இன்னொருவர் அதே வீட்டுக்குள் வேறு கதவு வழியாக உள்ளே வருகிறார். இரண்டு பேரும் சொன்ன காரணம் என்ன? மனசாட்சி! நியூமனுக்குக் கத்தோலிக்கத் திருச்சபை 1879-இல் கர்தினால் பட்டம் கொடுத்தது. 2019-இல் புனிதர் பட்டம் கொடுத்தது. வளர்த்த சபையை விட்டு வந்த மனிதரைத்தான் புனிதர் என்று பீடத்தில் ஏற்றியிருக்கிறார்கள். விலகுவதே பாவம் என்றால் அந்தப் பீடத்துக்கு அவர் எப்படி வந்தார்? (பலத்த கைதட்டல்)

இரண்டு பேருக்கும் ஒரு சகோதரி. ரெனானுக்கு அக்கா, பெயர் ஆன்ரியெத். நியூமனுக்குத் தங்கை, பெயர் ஹாரியெட். ரெண்டும் ஒரே பெயர்தான் ஐயா. அது பிரெஞ்சு, இது ஆங்கிலம். ஆன்ரியெத் தம்பியைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். குடும்பக் கடனுக்காகப் போலந்து நாட்டிலே ஒரு பிரபு வீட்டில் ஆசிரியையாக வேலை பார்த்தார். தம்பி குழம்புகிறான் என்று தெரிந்ததும், நம்பிக்கை இல்லாமல் வாக்குக் கொடுத்துவிடாதே என்று கடிதம் எழுதினார். வெளியே வந்தால் சோற்றுக்கு என்ன செய்வான் என்று தன் சேமிப்பிலிருந்து 1,200 பிராங்கு அனுப்பி வைத்தார். ஹாரியெட் என்ன செய்தார்? அண்ணனோடு உறவையே முறித்துக்கொண்டார். 1852-இல் இறந்துபோனார். நியூமனும் 32 ஆண்டுகள் ஆக்ஸ்போர்டு மண்ணை மிதிக்கவில்லை. 1878-இல்தான் திரும்பப் போனார். போனபோது தங்கை இல்லை.

திலகவதியார் தம்பியைத் தம் சமயத்துக்கு அழைத்து வந்தார். ஆன்ரியெத் தம்பி சமயத்தை விட்டு வர உதவினார். திசை வேறு. ஆனால் இரண்டு அக்காவும் கதவைச் சாத்தவில்லை. வீட்டிலே பார்த்துக்கொண்டிருக்கிற அக்காமார்களே, தங்கைமார்களே, உங்கள் வீட்டிலே இப்படி ஒருநாள் வந்தால் நீங்க எந்தச் சகோதரியா இருக்கப் போறீங்க? (அரங்கில் அமைதி, பிறகு கைதட்டல்)

ரெனான் நன்றி மறந்தாரா? 1883-இல் தன் இளமை நினைவுகளை எழுதினார். அதிலே தனக்குக் கற்பித்த குருக்களைப் பற்றி ஒரு கசப்பான சொல் இல்லை. நான் பார்த்த குருக்கள் எல்லாரும் நல்லவர்களே என்று எழுதி வைத்தார். உள்ளே இருந்துகொண்டே சாமியாரைத் திட்டுகிறவர்கள் எத்தனை பேர்! வெளியே போய்விட்டு வாழ்த்துகிறார் ஐயா இவர்! (சிரிப்பு, கைதட்டல்)

அன்னை தெரசாவைச் சொன்னார் ஒரு சகோதரி. நெஞ்சைத் தொட்ட வாதம். 2007-இல் அன்னையின் கடிதங்கள் நூலாக வந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உள்ளே இருள், இறைவன் இருப்பதை உணர முடியாத தவிப்பு. “அவங்க விட்டுட்டுப் போனாங்களா?” என்று கேட்டாங்க. போகவில்லை. ஆனால் அந்த இருளை மறைத்தாரா? தம் ஆன்ம குருக்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். தேடினார், வேண்டினார், அதனால் இருந்தார். அதுவும் நேர்மைதான்! இருப்பவரெல்லாம் பொய்யர் என்று நான் சொல்லவே இல்லை. இருந்தாலும் உண்மையாக இரு. போனாலும் உண்மையாகப் போ. இதுதான் எங்கள் அணியின் வாதம்.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க. கோயில் மணின்னு நெனச்சு ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கோங்க ஐயா. (சிரிப்பு)

பெத்தவங்க கண்ணீருக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். என்னிடம் படித்த ஒரு பையன். கடற்கரை ஊர். கத்தோலிக்கக் குடும்பம். தேம்பாவணியை அவன் வாசித்தால் வகுப்பே அமைதியாகிவிடும். அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஞானத்தகப்பனாக அவன்தான் நிற்க வேண்டும் என்று வீட்டில் முடிவு. ஞானத்தகப்பன் என்றால் பீடத்துக்கு முன்னால் நின்று, குரு கேட்கிற மூன்று கேள்விக்கும் ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். என்னிடம் வந்தான். “ஐயா, எனக்கு அந்த நம்பிக்கை போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த இடத்துல உதட்டை மட்டும் அசைச்சிடவா?” என்றான். நான், “தம்பி, அந்தப் பிள்ளை கையில வந்ததும் நீ அதுக்குச் செய்யிற முதல் காரியம் எதுவா இருக்கணும்னு யோசிச்சுக்கோ” என்றேன். அவ்வளவுதான்.

அவன் நேரே பங்குச் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாராம்: “ஞானத்தகப்பனுக்கு வேற ஆளை நிறுத்திக்கலாம்ப்பா. ஆனா தாய்மாமன் நீதானே? அந்தப் பதவிக்கு விசுவாசப் பிரமாணம் தேவையில்லை. வந்து நில்லு.” (கைதட்டல்) அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. இரண்டு மாசம், சோறு போட்டாங்க, பேசலை. ஞானஸ்நானத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும், “ஏன் உன் மகன் ஞானத்தகப்பனா நிக்கல?” என்று கேட்டார்கள். அந்த அம்மா குழந்தையை வாங்கி அவன் கையிலே கொடுத்துவிட்டுச் சொன்னாங்களாம்: “அவன் கோயில்ல பொய் சொல்ல மாட்டானாம். நான் வளத்த வளப்பு!”

அந்தச் சொல்லிலே பாதி கோபம், பாதி பெருமை. அவனுக்காக அந்த அம்மா இன்றைக்கும் ஜெபமாலை சொல்கிறார்கள். அவன் வேண்டாம் என்று சொல்வதில்லை. (நீண்ட கைதட்டல்)

நன்றி மறக்கிறவன் எதற்காக மறப்பான்? லாபத்துக்காக. விலகுகிறவனுக்கு என்ன லாபம்? கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசையில் அம்மா பக்கத்தில் நின்று பாடுகிற சுகம் போச்சு. கல்லறைத் திருநாளில் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ‘மேலே பார்ப்போம்’ என்று நிம்மதியாக வீடு திரும்புகிற ஆறுதல் போச்சு. அவனுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. பொய் சொல்லவில்லை என்கிற நிறைவு. இத்தனையும் இழந்து ஒருவன் உண்மையை வைத்துக்கொண்டான் என்றால், அவன் வாங்கிய வளர்ப்பை வீணடிக்கவில்லை. அதற்கு வட்டி கட்டுகிறான்!

எனவே நடுவர் அவர்களே, நம்பிக்கையைப் பரம்பரைச் சொத்து மாதிரி எழுதி வைக்க முடியாது. நேர்மையைத்தான் கொடுத்துவிட்டுப் போக முடியும். அதைக் கொடுத்த பெற்றோர், பிள்ளை அதைப் பயன்படுத்தும்போது அழலாம், வருந்தலாம், அவனுக்காக வேண்டிக்கொள்ளலாம். நன்றி கெட்டவன் என்று மட்டும் சொல்லக் கூடாது. ‘நம்புகிறேன்’ என்று உண்மையாகச் சொல்கிறவரை வணங்குவோம். ‘தெரியவில்லை’ என்று உண்மையாகச் சொல்கிறவருக்கும் நம் வீட்டுப் பந்தியிலே ஓர் இலை போடுவோம். வளர்த்த சமயத்தை விட்டு உண்மையோடு விலகுவது நேர்மை காப்பதே, நேர்மை காப்பதே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)